கால்ஹோப்பிக்கன்: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

நோர்வேயின் ஆக உயர்ந்த சிகரம் கால்ஹோப்பிக்கன். 2,469 மீட்டர். ஸ்காண்டிநேவியா முழுவதிலும் இதை மிஞ்சிய மலை கிடையாது. அப்படியிருந்தும் கோடையில் காலையில் புறப்பட்டு மாலைக்குள் ஏறி இறங்கிவிட முடிகிற மலை இது. அதனால்தான் ஜூன் பிறந்தாலே, விடுமுறைக்கு இங்கே வருகிற நண்பர்களும், ஒஸ்லோவிலேயே பல ஆண்டு வாழ்ந்துவிட்டு இப்போதுதான் மலைப்பக்கம் மனம் திரும்பியிருக்கிற உறவினர்களும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: ஸ்பீட்டர்ஸ்டூலன் பக்கமிருந்து போவதா, யூவாஸ்ஹிட்டா பக்கமிருந்து போவதா?

வழக்கமான பதில் எண்களில் இருக்கும். ஸ்பீட்டர்ஸ்டூலன் விடுதி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிகரம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் மேலே. யூவாஸ்ஹிட்டா விடுதியோ 1,841 மீட்டரில் இருக்கிறது. மிச்சம் 628 மீட்டர்தான். ஆகவே உடல்வலு உள்ளவர்களுக்கு முதல் வழி, மற்றவர்களுக்கு இரண்டாம் வழி என்பார்கள். கணக்கு சரி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதி வழியில் முகில் இறங்கினால், காற்று எழுந்தால், கூட வந்தவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால், அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது யார்? ஒரு வழியில் நீங்கள். மற்ற வழியில் கயிற்றின் முன்னால் நடக்கும் வழிகாட்டி. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மீட்டர் கணக்கு அதற்குப் பிறகு.

ஸ்பீட்டர்ஸ்டூலன்: நீண்ட ஏற்றம், சொந்தக் கால், சொந்த முடிவு

லோம் என்ற சிற்றூரிலிருந்து 55-ஆம் எண் சாலையில் தென்மேற்கே போனால், இடப்பக்கம் வீஸ்டாலன் பள்ளத்தாக்குக்குள் ஒரு கட்டணச் சாலை பிரியும். 18 கிலோமீட்டர் உள்ளே போய் விடுதியின் வாசலில் முடிகிறது. பூர்ச்ச மரங்களும் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்துக்கு மேலே காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லை.

வீசா ஆற்றைப் பாலத்தில் கடந்ததுமே ஏற்றம் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் புல்லும் சிற்றோடைகளும் உண்டு. அதற்குப் பிறகு கல், கல், கல். மேசையளவு பாறைகளிலிருந்து செங்கல்லளவு துண்டுகள்வரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்; ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். பாதையை நோர்வே மலையேற்றச் சங்கத்தின் வழக்கப்படி கற்களில் சிவப்பு 'டி' (T) எழுத்தாகத் தீட்டியிருக்கிறார்கள். 1868-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் குறிகள் நாடெங்கும் இருக்கின்றன. தெளிந்த நாளில் அவற்றை விட்டு வழிதவறுவது கடினம்.

இந்த வழியின் உண்மையான சோதனை மனதுக்குத்தான். கீழிருந்து பார்க்கும்போது சிகரம்போலத் தெரிவது ஸ்வெல்நூசே என்ற 2,272 மீட்டர் முகடு. மூச்சிரைக்க அங்கே போய் நின்றால், முன்னால் இன்னொரு சிகரம் எழுந்து நிற்கும். அது 2,355 மீட்டர் உயரமுள்ள கெய்ல்ஹாவ் சிகரம். 1820-இல் இந்த மலைகளுக்குள் பயணம் செய்த நிலவியலாளர் பால்தசார் கெய்ல்ஹாவின் பெயர் அதற்கு. அதன் தலையில் ஏறிய பிறகுதான் கால்ஹோப்பிக்கன் கண்ணுக்கு நேரே வரும். அதற்கும் முன்னால் ஒரு இறக்கம் இருக்கிறது. அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தை இரண்டு முறை விட்டுக்கொடுத்து மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. எல்லாம் கூட்டினால் ஏற்றம் 1,500 மீட்டரை ஒட்டி வந்துவிடும். இதை முன்பே தெரிந்து போகிறவர்கள் சமாளிக்கிறார்கள். தெரியாமல் போகிறவர்களுக்கு ஸ்வெல்நூசேயில் கால் தளர்வதற்கு முன் மனம் தளர்ந்துவிடுகிறது.

கடைசிப் பகுதி ஆகஸ்டிலும் பனி மூடிய சரிவு. உச்சியில் கல்லோடு கல்லாய் ஒரு சிறு குடில். கோடைப் பருவத்தில் சூடான பானமும் சாக்லெட்டும் அங்கே வாங்கலாம். 1850-இல் உள்ளூர் வழிகாட்டி ஸ்டெய்னார் சூல்ஹெய்ம் இரண்டு துணைவர்களோடு முதன்முதலாக இந்த உச்சியில் நின்றார். 

போக வர, ஓய்வும் உணவும் சேர்த்து, நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம். பழக்கம் குறைந்தவர்கள் 9, 10 என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலைச் சோதிக்கும். நடைக்கோல் இரண்டு எடுத்துப் போங்கள். 

இந்த வழியில் குறியிட்ட பாதையைவிட்டு விலகாதவரை வெடிப்புள்ள பனியாற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. வழிகாட்டியும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். அதுவே இதன் பெருமை. எப்போது புறப்படுவது, எங்கே உட்காருவது, எங்கே திரும்புவது எல்லாம் உங்கள் கையில்.

யூவாஸ்ஹிட்டா: குறைந்த ஏற்றம், கயிறு, வழிகாட்டி

இங்கேயும் கட்டணச் சாலைதான். ஆனால் அது 1,841 மீட்டர்வரை ஏறிவிடுகிறது. காரிலிருந்து இறங்கினாலே சந்திரனில் இறங்கியதுபோல் இருக்கும்: மரமில்லை, புதரில்லை, நிலத்துக்கு அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம். பக்கத்தில் கோடையிலும் பனிச்சறுக்கு நடக்கிறது. 1884-இல் க்னூட் வூலே என்ற வழிகாட்டி இங்கே விடுதி கட்டினார். சிகரத்துக்குப் பயணிகளை அழைத்துப் போகும் வழக்கம் அந்தக் காலத்திலிருந்தே தொடர்கிறது.

விடுதியிலிருந்து கற்களின்மேல் நடந்து ஸ்டிக்கெப்ரேயன் என்ற பனியாற்றின் ஓரத்துக்குப் போனதும், இடுப்பில் வார் கட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்துவிடுவார்கள். பனியாற்றில் ஆழமான வெடிப்புகள் இருக்கின்றன. கோடையின் தொடக்கத்தில் பழைய பனி அவற்றை மூடியிருக்கும். மேலே சமதளம்போலத் தெரியும். வழிகாட்டி இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. முன்னால் போன குழுக்களின் காலடித்தடம் அகலமான சாலைபோலக் கிடப்பதைப் பார்த்து, இவ்வளவு பேர் போயிருக்கிறார்களே என்று தனியாகப் பின்தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இவ்வளவு பேரும் கயிற்றில் போனவர்கள். ஸ்பீட்டர்ஸ்டூலன் வழியாக உச்சிக்கு வந்துவிட்டு, களைப்பில் சுருக்கமான வழி என்று யூவாஸ்ஹிட்டா பக்கம் இறங்க நினைப்பதும் இதே ஆபத்துதான். 

பனியாற்றைக் கடந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கற்கள் குவிந்த முகட்டில் கையும் ஊன்றி ஏற வேண்டும். இந்தப் பகுதியைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. 628 மீட்டர்தானே என்று நடைக்குப் பழகாமல் வருகிறவர்கள் தவிப்பது இங்கேதான். மொத்தம் 5 முதல் 6 மணி நேரம் ஆகும். வழிகாட்டிக் கட்டணம் ஆளுக்குச் சில நூறு குரோனர். குழு கோடையில் காலையில் குறித்த நேரத்தில் புறப்படும், முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ள வேண்டும்.

கயிற்றில் எல்லோருக்கும் ஒரே வேகம். படம் எடுக்க நிற்க முடியாது. வேகமாக நடப்பவருக்கும் சலிப்பு, மெதுவாக நடப்பவருக்கும் பதற்றம். குழு பெரிதாக இருக்கும் நாளில் இது இன்னும் கூடும். அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரியது: அந்தப் பனியாற்றை நாள்தோறும் கடக்கிற ஒருவர் உங்களுக்கு முன்னால் நடக்கிறார். மூடுபனியில் ஸ்பீட்டர்ஸ்டூலன் பக்கம் தனியாக நடப்பவர் திரும்ப வேண்டிய நாளிலும், இந்தக் குழு பத்திரமாகச் சிகரம் போய் வரக்கூடும். உயரம் குறைவு என்பதைவிட இதுவே யூவாஸ்ஹிட்டாவின் உண்மையான அனுகூலம் என்பேன். ஆனால் அன்றைக்குச் சிகரத்தில் குடிலின் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வானிலையை எப்படிப் பார்ப்பது

நோர்வே வானிலை நிலையமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'யூர்' சேவையில் லோமின் முன்னறிவிப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். லோமைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் மழைமறைவில் இருக்கின்றன. நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று அது. ஊரில் வெயிலடிக்கும் அதே நேரத்தில் சிகரம் முகிலுக்குள் இருக்கும். சிகரத்தின் பெயரையே தட்டிப் பாருங்கள். தனி முன்னறிவிப்பு வரும். அதில் வெப்பநிலையைவிட முதலில் காற்றைப் பாருங்கள்.

ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 0.65 பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். விடுதி வாசலில் 14 பாகை என்றால் உச்சியில் 5. அதோடு வினாடிக்கு 10 மீட்டர் காற்றும் அடித்தால் உடல் உணர்வது பூஜ்யத்தை ஒட்டிய குளிர். இது ஜூலை மாதக் கணக்கு. 10 மீட்டருக்கு மேல் காற்று சொல்லியிருந்தால் நான் ஸ்பீட்டர்ஸ்டூலன் வழியில் போவதில்லை. ஸ்வெல்நூசேக்கு மேலே முழுக்கத் திறந்த முகடு, வலப்பக்கம் நிலம் ஸ்டிக்கெப்ரேயனை நோக்கி விழுகிறது. மூடுபனியும் சேர்ந்தால் வெள்ளைப் பனி எங்கே முடிகிறது, வெள்ளை வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. ஜூலை முற்பகுதியில் பல சிவப்புக் குறிகள் இன்னும் பனிக்கடியில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை நடுப்பகுதிக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடையில் போவதே முதல்முறை போகிறவர்களுக்கு உகந்தது.

1967 ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு எழுந்த இயக்கத்தால் நாடு முழுவதும் பரவியவைதான் மலைநெறிகள் எனப்படும் பாதுகாப்பு விதிகள். 2016-இல் திருத்திய வடிவில் ஒன்பது நெறிகள் இருக்கின்றன; எட்டாவது நெறி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. இங்கே சிறுபிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். ஸ்பீட்டர்ஸ்டூலன் வழியைத் தேர்கிறவர் இந்த நெறியைத் தானே நிறைவேற்ற வேண்டும். சிகரம் 100 மீட்டரில் தெரியும்போது, ஒஸ்லோவிலிருந்து 5 மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கும்போது, கூட வந்தவர்கள் இன்னும் கொஞ்சம்தானே என்னும்போது, வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர் உங்கள் குழுவில் ஒருவராவது இருக்கிறாரா? இல்லை என்றால் யூவாஸ்ஹிட்டாவுக்குப் போங்கள். 

கூட்டம் வேண்டாதவர்களுக்கு: கிளிட்டர்டின்

இரண்டு வழியும் பிடிக்காதவர்களுக்கு மூன்றாவது ஒன்றைச் சொல்ல எனக்கு ஆசை. நாட்டின் இரண்டாவது உயரமான மலை கிளிட்டர்டின். பாறையின் உயரம் 2,452 மீட்டர். அதன் தலையில் ஒரு பனித்தொப்பி இருக்கிறது. முன்பு அது தடிமனாக இருந்த காலத்தில், பனியையும் சேர்த்து அளந்து இதுதான் முதலிடம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். பனி மெலிந்துபோனதால் அந்த வாதம் முடிந்துவிட்டது.

இதற்கும் ஸ்பீட்டர்ஸ்டூலனிலிருந்தே ஏறலாம். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் போக வேண்டும். மறுபக்கம் 1,384 மீட்டரில் இருக்கும் கிளிட்டர்ஹெய்ம் என்ற மலையேற்றச் சங்க விடுதியில் இரவு தங்கினால் ஏற்றம் 1,070 மீட்டராகக் குறையும். ஆனால் அந்த விடுதிக்குக் கார் போகாது; வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்தோ மிதிவண்டியிலோ போக வேண்டும். முதலிடம் என்ற பட்டம் இல்லாததால் கூட்டம் குறைவு, கல்லும் சற்றுக் குறைவு, ஏற்றம் சீராக இருக்கும். உச்சியில் நின்று எதிரே கால்ஹோப்பிக்கனையே முழுதாகப் பார்க்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. ஒரே எச்சரிக்கை: பனித்தொப்பியின் வடவிளிம்பு செங்குத்தான பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், காலடியில் இருப்பது வெறும் பனி என்று மேலிருந்து தெரியாது. விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

ஒரு நாள் மட்டும் கையில் இருந்து, ஒஸ்லோவிலிருந்து போய்வர நினைத்தால் இந்த மலைகள் இருக்கும் யோட்டுன்ஹெய்மன் பக்கமே திரும்பாதீர்கள். 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 8 மணி நேரம் மலையில், மறுபடி 5 மணி நேரம் சாலையில் என்றால் அபாயம் மலையில் இருக்காது, இரவுச் சாலையில் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ரியூக்கன் அருகேயுள்ள கவுஸ்டாடோப்பனுக்குப் போகலாம். 1,883 மீட்டர்; ஸ்டாவ்ஸ்ரோவிலிருந்து சுமார் 700 மீட்டர் ஏற்றம். மலையின் வயிற்றுக்குள்ளேயே ஓடும் ரயிலும் உண்டு, இறங்க முடியாதவர்களுக்கு அது உதவும். 

யாருக்கு எது

என் வீட்டாருக்கு நான் சொல்வதையே இங்கே சொல்கிறேன். 1,000 மீட்டர் ஏற்றமுள்ள ஒரு மலையை முன்பே ஏறி இறங்கி, மறுநாள் நடக்க முடிந்தவர், வரைபடம் பார்க்கத் தெரிந்தவர், லோமில் இரண்டு இரவு தங்க முடிந்தவர்: ஸ்பீட்டர்ஸ்டூலன். யோசிக்கவே வேண்டாம். இரண்டு இரவு ஏன் என்றால், இரண்டு பகல்களில் நல்ல பகலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைக்கிறது. மலையில் அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. மற்றப் பகலில் லோமின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மரத்தேவாலயத்தைப் பார்க்கலாம், ஸ்பீட்டர்ஸ்டூலனிலிருந்து வழிகாட்டியோடு ஸ்வெல்நூஸ் பனியாற்றின் நீலப் பனிக்கட்டிகளுக்கு நடுவே நடந்து வரலாம்.

பெற்றோரையோ வளர்ந்த பிள்ளைகளையோ கூட்டிப் போகிறவர்கள், மலை அனுபவம் இல்லாதவர்கள், நாளை மாற்ற முடியாதபடி திட்டமிட்டுவிட்டவர்கள் யூவாஸ்ஹிட்டாவையே எடுக்கட்டும். ஒரு நிபந்தனை: ஒரு மணி நேரம் கல்மேல் ஏறுவதற்குப் பழகியிருக்க வேண்டும். கயிற்றில் ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

எந்தப் பக்கம் போனாலும் பருத்தி உடை வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை முகட்டுக் காற்றில் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். தோலை ஒட்டிக் கம்பளி, அதற்குமேல் தடித்த இன்னொரு கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி. தொப்பியும் கையுறையும் ஜூலையிலும் பையில் இருக்க வேண்டும். கணுக்காலைப் பிடித்து நிற்கும் சப்பாத்து, ஏற்கெனவே போட்டுப் பழகியது. சோறு கட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். 5 பாகையில் அது விறைத்து உண்ண முடியாமல் போகும். ரொட்டி, பேரீச்சம்பழம், நிலக்கடலை, குடுவையில் சூடான சூப்போ இஞ்சித் தேநீரோ. நோர்வேக்காரர் பையில் தவறாமல் இருப்பது 'க்விக் லுன்ஷ்' சாக்லெட். உறையின் உட்புறத்தில் மலைநெறிகளை அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்பீட்டர்ஸ்டூலன் பக்கம் மேலே போகப் போக ஓடை கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தோடு காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மலையில் ஆபத்து என்றால் 112, மருத்துவ அவசரம் என்றால் 113. மீட்புக்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஆகவே செலவை நினைத்து அழைக்கத் தயங்க வேண்டாம்.

ஸ்பீட்டர்ஸ்டூலனிலிருந்து போகிறவர்கள் காலை 8 மணிக்குள் பாலத்தைக் கடந்துவிடுங்கள். ஸ்வெல்நூசேக்கு வரும்போது 12 மணி என்றால் நிதானமாகப் போகலாம். பிற்பகல் 2 மணி ஆகியும் கெய்ல்ஹாவ் சிகரத்தைத் தாண்டவில்லை என்றால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அங்கிருந்தே இறங்குங்கள். இந்த இரண்டு நேரங்களையும் முதல்நாள் இரவே குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.